படையில் பூட்டி வைத்த துப்பாக்கி, வீட்டில் தலைமாட்டில்

அமெரிக்காவில் துப்பாக்கிக் கட்டுப்பாடு என்று யாராவது பேச்செடுத்தால் போதும், இரண்டு தரப்பும் முன்னாள் படைவீரர்களைத் தங்கள் பக்கம் இழுக்க ஆரம்பித்துவிடுவார்கள். "போரில் இதைத் தூக்கியவரே வேண்டாம் என்கிறார்" என்று ஒரு பக்கம். "நாட்டுக்காக உயிரைப் பணயம் வைத்தவரிடமே பிடுங்குவீர்களா" என்று இன்னொரு பக்கம். நான் இங்கே மனநல மருத்துவர், என்னிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் படையிலிருந்து வந்தவர்கள். அவர்களுக்கு இதில் ஒரே கருத்து கிடையாது.

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய ஜெனரல் ஸ்டான்லி மெக்கிறிஸ்டல், ராணுவ வகைத் துப்பாக்கிகள் தெருவில் இருக்கக் கூடாது என்று 2013லேயே வெளிப்படையாகச் சொன்னார். அதே ஆப்கானிஸ்தானில் வெடிகுண்டு அகற்றும் பணியில் இரண்டு கால்களையும் இழந்த பிரையன் மாஸ்ட், குடியரசுக் கட்சிக்காரர், துப்பாக்கி உரிமையை ஆதரிப்பவர். 2018இல் ஃபுளோரிடாவின் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்ட பிறகு, அந்த வகைத் துப்பாக்கிகளின் விற்பனையை நிறுத்த வேண்டும் என்று அவரும் எழுதினார். மறுபக்கம், துப்பாக்கி உரிமைக்குப் பெரிய குரலாக இருக்கும் என்ஆர்ஏ என்ற தேசிய ரைஃபிள் சங்கத்தை 1871இல் தொடங்கியவர்களே அமெரிக்க உள்நாட்டுப் போரில் பங்கேற்றவர்கள்தான். வீரர்களுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியவில்லையே என்ற கவலையில் ஆரம்பித்தது அது.

கடைகளில் பொதுமக்களுக்கு விற்கும் ராணுவ வகைத் துப்பாக்கியான ஏஆர்-15 பற்றிய வாதமும் இப்படித்தான். "ராணுவத்தின் எம்4 தொடர்ந்து சுடும், இது ஒவ்வொரு தடவையும் விசையை இழுத்தால்தான் சுடும், இரண்டும் ஒன்றல்ல" என்பார் ஒருவர். அது உண்மைதான். ஆனால் தரைப்படையில் இருந்த இன்னொருவர், "டாக், நாங்கள் சண்டையிலும் பெரும்பாலும் ஒவ்வொரு குண்டாகத்தான் சுட்டோம், அப்படித்தான் குறி தப்பாது" என்பார். அதுவும் உண்மை. இந்த விவாதத்தில் நான் நடுவர் வேலை பார்ப்பதில்லை.

நான் கவனிப்பது வேறொன்று. எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுபவராக இருந்தாலும், படையில் துப்பாக்கியை எப்படி வைத்திருந்தீர்கள் என்று கேட்டால் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். ஆயுத அறையில் பூட்டியிருக்கும். வரிசை எண்ணைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டும், திருப்பிக் கொடுக்கும்போதும் அப்படியே. ரோந்து முடித்து முகாமுக்குள் நுழையும்போது, மணல் நிரப்பிய பீப்பாய்க்குள் குழலை நீட்டி உள்ளே குண்டு இல்லை என்று காட்ட வேண்டும். பயிற்சித் திடலை விட்டுக் கிளம்பும்போது பையெல்லாம் தட்டிக் காட்டி, "சுட்ட தோட்டாவின் கூடும் இல்லை, சுடாத தோட்டாவும் இல்லை, சார்ஜென்ட்" என்று உரக்கச் சொன்னால்தான் விடுவார்கள். ஒரு துப்பாக்கி காணாமல் போனால் அது கிடைக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

இத்தனை கட்டுப்பாட்டில் வளர்ந்தவர், சீருடையைக் கழற்றிய பிறகு வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்? துப்பாக்கி வைத்திருக்கும் முன்னாள் வீரர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர், ஒரு துப்பாக்கியையாவது குண்டு போட்டு, பூட்டாமல் வைத்திருக்கிறார். தூக்கம் வராத ராத்திரியில் தலைமாட்டில் அது இருந்தால்தான் நிம்மதி என்பார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குவது அந்த நிம்மதிதான்.

காரணத்தைச் சொல்கிறேன். 2022இல் மட்டும் அமெரிக்காவில் 6,407 முன்னாள் படைவீரர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள், அதாவது ஒரு நாளைக்கு 17 பேருக்கு மேல். அதில் 73.5 சதவீதம் துப்பாக்கியால். தற்கொலை எண்ணம் பலருக்கு ஒரு அலையாக வரும், சிலருக்குச் சில நிமிடங்கள், சிலருக்குச் சில மணி நேரம், அப்புறம் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டுவது மாத்திரையாக இருந்தால் பெரும்பாலானோரைக் காப்பாற்றிவிடுகிறோம். துப்பாக்கியாக இருந்தால் பத்தில் ஒன்பது பேர் எங்களிடம் வந்து சேருவதே இல்லை.

ஆளுக்கும் துப்பாக்கிக்கும் நடுவே உள்ள இடைவெளி உயிரைக் காக்கும் என்பதற்குப் படையிலேயே சாட்சி உண்டு. வார இறுதி விடுப்பில் வீட்டுக்குப் போகும் வீரர்கள் துப்பாக்கியை முகாமிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று இஸ்ரேல் ராணுவம் 2006இல் மாற்றியது. அதற்கப்புறம் வீரர்களின் தற்கொலை சுமார் 40 சதவீதம் குறைந்தது. வார நாள்களில் பெரிய மாற்றமில்லை, குறைந்ததெல்லாம் வார இறுதியில்தான்.

சட்டம் வேண்டாமா என்றால், வேண்டும். படை 18 வயதுப் பையனுக்குப் பத்து வாரம் அடிப்படைப் பயிற்சி கொடுத்து, கூடவே ஒரு சார்ஜென்டையும் நிறுத்துகிறது. டெக்சஸில் அதே வயதுப் பையன் பயிற்சி எதுவும் இல்லாமல் கடையில் ரைஃபிள் வாங்கலாம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023இல் மெய்ன் மாநிலத்தின் லூயிஸ்டனில் 18 பேரைச் சுட்டுக் கொன்றவர் ராணுவ ரிசர்வ் படையைச் சேர்ந்தவர். அவரோடு பணியாற்றியவர்களே முன்கூட்டி எச்சரித்திருந்தார்கள், அவரிடமிருந்து ஆயுதத்தை எடுத்து வைக்கச் சட்டமும் இருந்தது, யாரும் அதைக் கடைசிவரை செயல்படுத்தவில்லை.

என்னிடம் வருபவர்களின் பெரிய பயம், "மனசு சரியில்லை என்று சொன்னால் துப்பாக்கியைப் பிடுங்கிவிடுவார்கள்" என்பது. மனச்சோர்வுக்கோ போர் அதிர்ச்சிக்கோ சிகிச்சை எடுப்பதால் மட்டும் மத்திய சட்டப்படி அந்த உரிமை போகாது. இந்தப் பயத்தால் வராமலே இருந்துவிடுபவர்களை நினைத்தால்தான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அதனால் நான் "துப்பாக்கி வைத்திருக்கிறீர்களா" என்று ஆரம்பிப்பதில்லை. "ஆயுத அறைச் சாவி இப்போது யாரிடம்?" என்று கேட்கிறேன். பெரும்பாலும் சிரிப்பார்கள், அப்புறம் பேசுவார்கள். ஒருவர், கூடப் படையில் இருந்த நண்பரிடம் சேஃப் சாவியைக் கொடுத்துவைக்கத் தானாகவே ஒப்புக்கொண்டார். நான் சொல்லியிருந்தால் கேட்டிருக்க மாட்டார்.

உங்கள் வீட்டில் மகனோ மருமகளோ அமெரிக்கப் படையில் இருந்து திரும்பியிருந்தால், இந்தப் பேச்சை நல்ல நாளிலேயே பேசி வையுங்கள். துப்பாக்கி சேஃபில், தோட்டா வேறொரு பூட்டில், நெருக்கடி வந்தால் சாவி யாரிடம் போகும் என்பது முன்பே முடிவாகி இருக்கட்டும். முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் துப்பாக்கிக்குள் கோத்துப் பூட்டும் கம்பிப் பூட்டு இலவசமாகவே தருகிறார்கள், கேட்டால் போதும். கொஞ்ச நாள் வெளியே கொடுத்து வைப்பதென்றால் சில துப்பாக்கிக் கடைகளும் காவல் நிலையங்களும் வாங்கி வைக்கும். விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும் என்பதால் முதலில் போன் செய்து கேளுங்கள். இன்று ராத்திரியே தாங்காது என்று தோன்றினால் 988ஐ அழைத்து 1ஐ அழுத்துங்கள். அது முன்னாள் படைவீரர்களுக்கென்றே உள்ள எண், குடும்பத்தாரும் அழைக்கலாம்.