சுகர் வியாதி இல்லாதவருக்கு லோ சுகர் வந்தால்

ஊட்டிப் பக்கம் புல் மேல் உறைபனி வெளுத்துக் கிடக்கிற ஜனவரி விடியலில் ஒருவருக்கு ஸ்வெட்டர் நனையும் அளவுக்கு வியர்க்கிறது என்றால் சும்மா விடாதீர்கள். ஹார்ட் அட்டாக்கா என்று முதலில் பார்ப்போம், சரி. கூடவே சுகரும் பார்த்துவிட வேண்டும், அவருக்கு சுகர் வியாதியே இல்லாவிட்டாலும்.

கோத்தகிரிப் பக்கம் கொழுந்து பறிக்கப் போகும் ஒரு அக்காவுக்கு (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்) வலிப்பு என்று மாத்திரை ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர்தான் விஷயத்தை உடைத்தார்: "காலையில எழுப்பினா யாரோ மாதிரி உளர்றா டாக்டர், சீனி தூக்கலா ஒரு டீ, ரெண்டு வர்க்கி உள்ள போனா கால் மணி நேரத்துல தெளிஞ்சிடறா." பாதி நோயை அவரே கண்டுபிடித்துவிட்டார். வெறும் வயிற்றில் குழப்பம், அந்நேரம் ரத்தத்தில் சர்க்கரை குறைவு, சர்க்கரை ஏறியதும் தெளிவு: ஆலன் விப்பிள் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் 1930களில் சேர்த்துச் சொன்ன இந்த மூன்றுதான் இன்றும் முதல் படி. அடிக்கடி சாப்பிட்டே சமாளித்ததில் அக்காவுக்கு எடையும் ஏறியிருந்தது.

சர்க்கரை இறங்கினால் கணையத்தின் பீட்டா செல்கள், சர்க்கரையைக் குறைக்கும் இன்சுலினை விடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட வேண்டும். அதே செல்களில் முளைக்கும் இன்சுலினோமா என்ற கட்டிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. சர்க்கரை 55 மில்லிகிராமுக்குக் கீழே போன பிறகும் சுரந்துகொண்டே இருக்கும், பக்குவமாகாத புரோஇன்சுலினையும் அளவுக்கு மீறி வெளியே தள்ளும். ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் 1 முதல் 4 பேருக்கு வருகிற அரிய கட்டி. பெரும்பாலும் 2 செ.மீ.கூட இருக்காது, பத்தில் ஒன்பது புற்றுநோயும் அல்ல.

இவ்வளவு சிறியதைத் தேடி நேராக ஸ்கேனுக்கு ஓடாதீர்கள், முதலில் ரத்தம் பேசட்டும். சர்க்கரை இறங்கியிருக்கும் அதே நேரத்தில் எடுத்த ரத்தத்தில் குளுக்கோஸ், இன்சுலின், சி-பெப்டைடு எல்லாம் பார்க்க வேண்டும். குளுக்கோமீட்டர் குறைந்த அளவுகளில் அவ்வளவு துல்லியம் இல்லை, லேப் கணக்குதான் கணக்கு. அதிலும் மலையில் ஒரு சிக்கல் உண்டு: சர்க்கரை கரையாமல் காக்கும் ஃபுளோரைடு இல்லாத டியூபில் ரத்தத்தைப் போட்டு, அணுக்களைத் தனியே பிரிக்காமல், கோயம்புத்தூருக்குப் போகிற வண்டிக்காக வைத்திருந்தால் ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்றுவிடும், இல்லாத லோ சுகர் ரிப்போர்ட்டில் வரும். சிவப்பணு உடைந்த ரத்தமென்றால் இன்சுலின் குறைத்துக் காட்டும்.

சி-பெப்டைடு எதற்கு? உடம்பு தானே சுரக்கும் இன்சுலினோடு அதுவும் வரும், ஊசி இன்சுலினில் இருக்காது. ஆனால் கிளிமிபிரைடு மாதிரி சுகர் மாத்திரையை யாராவது தவறிப் போட்டுக்கொண்டாலும் ரிப்போர்ட் அச்சு அசல் கட்டி போலவே இருக்கும். அதனால்தான் வீட்டில் மாமியார், மாமனார் சாப்பிடும் மாத்திரை அட்டைகளையெல்லாம் எடுத்துவரச் சொல்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

சர்க்கரை தானாக இறங்கும் நேரத்தில் பிடிக்க முடியாவிட்டால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, கண்காணிப்பில், அதிகபட்சம் 72 மணி நேரம் பட்டினி போட்டுப் பார்ப்போம். விரதம்தானே என்று வீட்டில் முயன்றுவிடாதீர்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் சர்க்கரைத் தண்ணீர் ஊற்றவும் கூடாது, புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள்.

நோய் உறுதியானதும் எண்டோஸ்கோப்பி வழி அல்ட்ராசவுண்டு, சிடி, எம்ஆர்ஐ என்று இடத்தைத் தேடுவார்கள். பெரும்பாலானோருக்குக் கட்டியை எடுத்துவிட்டால் தொல்லை தீர்ந்தது, அதுவரை சுரப்பை அடக்க டயசாக்சைடு மாத்திரை இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த சில நாள் சுகர் ஏறும், "இப்ப சுகர் வியாதி வந்துடுச்சா" என்று பதறுவார்கள். அடங்கிக் கிடந்த மற்ற பீட்டா செல்கள் விழித்துக்கொள்ள நேரம் எடுப்பதால் வருவது அது, பெரும்பாலும் தானே இறங்கிவிடும்.