எலும்பு வளர்க்க எந்த ஸ்டெம் செல்? பால் பல்லுக்குப் பணம் கட்டும் முன்

"பாப்பாவுக்குப் பல் ஆடுது டாக்டர். அதைச் சேமிச்சு வெச்சா பின்னாடி எலும்பு வளர்க்க உதவுமாமே?" தாடை அறுவை சிகிச்சை செய்பவன் என்பதால் என்னிடம் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பிரசவத்தின்போதே தொப்புள்கொடி ரத்தத்துக்குப் பணம் கட்டியவர்களும் இதையே கேட்கிறார்கள். எல்லாம் 'ஸ்டெம் செல்', அதாவது வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூலச் செல், என்ற ஒரே பெயரில் விற்கப்படுவதால் வரும் குழப்பம். எலும்பு என்று வரும்போது ஒரு செல்லும் இன்னொரு செல்லும் ஒன்றல்ல.

இதில் மூத்தது எலும்பு மஜ்ஜை. சோவியத் விஞ்ஞானி ஃப்ரீடன்ஸ்டைன் 1960-களிலேயே மஜ்ஜையை உடலில் வேறோர் இடத்தில் வைத்து, அங்கே எலும்பு உருவாவதைக் காட்டினார். எலும்பாக மாறச் சொல்லி அதிகம் கெஞ்ச வேண்டியிராத செல் இன்றும் இதுதான். தட்டுப்பாடு எண்ணிக்கையில். மஜ்ஜையின் உட்கருவுள்ள செல்களில் நமக்கு வேண்டியவை 0.001 முதல் 0.01 சதவீதம் மட்டுமே. வயது ஏற ஏற அதுவும் குறையும்.

எடுக்கும் கையிலும் விஷயம் இருக்கிறது. இடுப்பெலும்பின் விளிம்பில் தடித்த ஊசியை இறக்கிச் சட்டென்று இழுத்தால், கருஞ்சிவப்பாக, மேலே கொழுப்புத் துளிகள் மினுங்க, நடுநடுவே குறுமணல் போன்ற துகள்களோடு மஜ்ஜை ஏறும். ஊசியை நகர்த்தாமல் சிரிஞ்சு நிறையும்வரை இழுத்துக்கொண்டே இருந்தால், அடுத்து வருவது பெரும்பாலும் வெறும் ரத்தம். ஓரிடத்தில் 2 மில்லி போதும், பிறகு ஊசியை நகர்த்து என்று சொல்லிக்கொடுப்பது இதனால்தான். பிரான்ஸில் எர்னிகு குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், கூடாமல் கிடந்த 60 கால் எலும்பு முறிவுகளில் செறிவூட்டிய மஜ்ஜையைச் செலுத்தினார்கள். 53 கூடின. கூடாத ஏழிலும் போய்ச் சேர்ந்த செல்களின் எண்ணிக்கை குறைவு.

கொழுப்பில் இந்தப் பஞ்சம் இல்லை. வயிற்றிலிருந்து உறிஞ்சி எடுத்தால் செல்கள் தாராளமாகக் கிடைக்கும், வலியும் குறைவு. ஆனால் அவற்றை எலும்பின் பக்கம் திருப்ப, பி.எம்.பி. எனும் வளர்ச்சிப் புரதம் போன்ற தூண்டுதல் பெரும்பாலும் தேவைப்படுகிறது.

இந்த இடத்தில் எங்கள் துறையின் இரண்டு நோயாளிகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2004-இல் ஜெர்மனியின் கீல் நகரில், கீழ்த்தாடையை இழந்த ஒருவருக்கு டைட்டானிய வலையில் எலும்புத் தாது, பி.எம்.பி.-7, அவருடைய மஜ்ஜை மூன்றையும் நிரப்பி, முதுகுத் தசைக்குள் 7 வாரம் வைத்து வளர்த்துத் தாடையில் பொருத்தினார்கள். 2009-இல் பின்லாந்தில் இன்னொருவருக்கு மேல்தாடை. அங்கே கொழுப்புச் செல்கள், பி.எம்.பி.-2, வைத்தது வயிற்றுத் தசையில், 8 மாதம். செல் வேறு, நாடு வேறு. இரண்டிலும் மாறாதது தசையின் ரத்த ஓட்டமும் வளர்ச்சிப் புரதமும்தான். ரத்தக் குழாயிலிருந்து சுமார் 200 மைக்ரானுக்கு (0.2 மில்லிமீட்டர்) அப்பால் இருக்கும் செல்லுக்குப் பிராணவாயு சரியாக எட்டாது. எந்த ஊர்ச் செல்லாக இருந்தாலும் நடுவில் மாட்டிக்கொண்டது செத்துப்போகும். விளம்பரங்கள் செல்லைப் பற்றியே பேசுகின்றன, ரத்த ஓட்டத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை என்பது எனக்கு நீண்ட நாள் எரிச்சல்.

இப்போது பல்லுக்கு வருவோம். ஞானப்பல்லைப் பிளந்தால் உள்ளே மெல்லிய இளஞ்சிவப்பு நூலாகப் பற்கூழ் இருக்கும். அதில் ஸ்டெம் செல்கள் இருப்பதை 2000-இல் கிரான்தோஸ் குழுவினர் காட்டினார்கள். எலிகளில் அவை உருவாக்கியது எலும்பை அல்ல, பல்லின் உட்பகுதியான டென்டினை ஒத்த திசுவை. பால் பல் செல்கள் 2003-இல் வந்தன. அந்த ஆய்விலேயே ஒரு முக்கியமான வரி உண்டு: இந்தச் செல்கள் தாமே எலும்புச் செல்லாக மாறவில்லை, எலியின் சொந்தச் செல்களை வரவழைத்து எலும்பு போட வைத்தன. ஆராய்ச்சிக்கு இது அருமையான செய்தி. ஆனால் பல்லை உறையவைத்தால் எலும்பு தயார் என்ற பேச்சுக்கு இதில் ஆதாரம் இல்லை.

தொப்புள்கொடியில் இரண்டைப் பிரித்துப் பாருங்கள். வங்கியில் உறைய வைப்பது கொடியின் ரத்தம். அதில் பெரும்பாலும் இருப்பது ரத்தம் உண்டாக்கும் செல்கள், அவை எலும்பு போடாது. எலும்பு ஆய்வில் அதிகம் பயன்படுவது கொடியின் உள்ளிருக்கும் வார்ட்டன் ஜெல்லி செல்கள். இளமையானவை, வேகமாகப் பெருகுபவை. எலும்பாக மாறுவதில் மஜ்ஜையைவிடப் பின்தங்குவதாகவே பல ஒப்பீடுகள் சொல்கின்றன. சாதாரணச் செல்லையே ஸ்டெம் செல்லாகத் திருப்பி ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா உருவாக்கிய ஐ.பி.எஸ். செல்கள் கட்டி உண்டாக்கும் அபாயத்தை இன்னும் முழுதாகக் கடக்கவில்லை.

ஆகவே என் நோயாளிக்குத் தாடையில் பெரிய இழப்பு என்றால், நான் இன்றும் கேட்பது அவருடைய காலின் ஃபிபுலா எலும்பைத்தான், ரத்தக் குழாயோடு சேர்த்து. சிறிய குழி என்றால் இடுப்பெலும்புத் துகளே போதும்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட தேசிய வழிகாட்டுதல்படி, இந்தியாவில் அனுமதி பெற்ற ஸ்டெம் செல் சேமிப்பு தொப்புள்கொடி ரத்தத்துக்கு மட்டுமே. பல், கொழுப்பு இரண்டுக்கும் வணிகரீதியான சேமிப்பு அனுமதி இல்லை. எலும்புக்கு ஸ்டெம் செல் வைப்பதாக யாராவது சொன்னால், சி.டி.ஆர்.ஐ. (மருத்துவ ஆய்வுகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண்ணைக் கேளுங்கள். முறையான ஆய்வு என்றால் அந்த எண்ணை இணையத்தில் நீங்களே தேடிப் பார்க்கலாம், ஆய்வுச் சிகிச்சைக்கு உங்களிடம் கட்டணமும் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் பில் போட்டுவிட்டு "இது ஆராய்ச்சிதான்" என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.