ஜன்னலுக்குள் ஏறி வரும் மழை

நகர்த்தித் திறக்கும் அலுமினிய ஜன்னலின் கீழ்ச்சட்டத்தை வெளியிலிருந்து குனிந்து பார்த்தால் இரண்டு மூன்று சிறு துளைகள் தெரியும். அறைக்குள் ஈரம் கண்டதும் பலர் இடைவெளி அடைக்கும் சிலிக்கான் பசையை எடுத்துவந்து முதலில் அடைப்பது இவற்றைத்தான். அடைக்கவே கூடாத இடமும் இதுதான்!

இவ்வகை ஜன்னல், மழையை முழுவதுமாகத் தடுக்கச் செய்யப்பட்டதன்று. கொஞ்சம் நீர் கீழ்ச்சட்டத்தின் பள்ளத்துக்குள் வரும்; வந்தது துளை வழியே வெளியேறிவிடும். தூசியும் செத்த பூச்சிகளும் துளையை அடைத்தால் பள்ளம் நிரம்பி, உள்விளிம்பைத் தாண்டி அறைக்குள் வழிகிறது.

துளை திறந்திருந்தாலும் சில ஜன்னல்கள் புயல்மழையில் மட்டும் ஒழுகும். அது காற்றின் வேலை. மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் மோதும் காற்று ஏறத்தாழ 245 பாஸ்கல் அழுத்தம் தருகிறது. இரண்டரை சென்டிமீட்டர் உயர நீரைத் தாங்கி நிறுத்த இது போதும். உள்விளிம்பு அதைவிடத் தாழ்ந்திருந்தால், பள்ளத்து நீர் வடிவதற்கு மாறாக மேலேறி உள்ளே விழும்.

காற்றே இல்லாமலும் நீர் ஏறும். ஒரு மில்லிமீட்டர் இடைவெளியுள்ள இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அது சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் உயரும். இடைவெளி பாதியானால் உயரம் இருமடங்காகும். நுண்புழை ஏற்றம் என்பது இதுதான். ஆகவே சுவர்ப் பூச்சில் கண்ணுக்குத் தப்பும் மயிரிழை விரிசலை அற்பமாக நினைக்காதீர்கள். அது நீரை உறிஞ்சி இழுக்கும்.

பழுதுபார்க்கும் முன், அது மழைநீர்தானா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அறைக்காற்று 25 டிகிரி செல்சியஸிலும் ஈரப்பதம் 60 சதவீதத்திலும் இருந்தால், சுமார் 17 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த கண்ணாடியில் நீர் படியும். மழையில்லாத குளிர்காலைகளில் கண்ணாடி நனைந்திருந்தால் தேவை காற்றோட்டமே. எந்தப் பூச்சும் உதவாது.

மழைநீர்தான் என்றால் குழாய்ச் சோதனை செய்யலாம். ஒருவர் உள்ளே நின்று கவனிக்க, மற்றவர் வெளியே கீழ்ச்சட்டத்திலிருந்து தொடங்கி, ஓரிடத்தில் சில நிமிடம் மெதுவாக நீர்விட்டு, படிப்படியாக மேலே செல்ல வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடத்தையும் நனைத்துவிடும். எது உள்ளே விட்டது என்று தெரியாது. பொறுமை வேண்டும், ஏனெனில் சுவருக்குள் புகுந்த நீர் சுற்றி வளைந்து வர நேரமெடுக்கும். ஜன்னலுக்கு மேலுள்ள சுவரை நனைக்கும்போதுதான் ஒழுகுகிறதென்றால் குற்றம் சுவர் விரிசலுடையது.

துளை அடைப்பை மெல்லிய கம்பியால் நீக்கி, பள்ளத்தில் ஒரு குவளை நீரூற்றி வெளியே வடிகிறதா என்று பாருங்கள். இறுகிச் சுருங்கிய ரப்பர் பட்டையை மாற்றிவிடலாம். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலான பழைய சிலிக்கானை முற்றிலும் சுரண்டி, இடத்தை உலரவிட்டு, வெளிப்பக்கம் புதிதாகப் பூசுங்கள். பழையதன் மேல் புதியது சரியாக ஒட்டாது. அது நன்றாக இறுகிய பிறகு, முன்பு ஒழுகிய அதே இடத்தில் மறுபடியும் குழாயைப் பிடியுங்கள்.