இரத்தக் குழாயை வரவழைக்கும் புரதம்

ஆக்சிஜன் திசுவுக்குள் வெகுதூரம் போகாது. தந்துகியின் சுவரைத் தாண்டிய பிறகு அது ஊடுருவிச் செல்லும் தொலைவு 100 முதல் 200 மைக்ரான் வரைதான். அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்குக்குள் அடங்கிவிடும். குருத்தெலும்பு, கண்ணின் லென்ஸ் போன்ற சில விதிவிலக்குகளை விட்டுவிட்டால், உடலின் ஏறக்குறைய எல்லாச் செல்களும் ஏதோ ஒரு குழாயை அண்டியே வாழ்கின்றன. கரு வளரும்போதும் புண் ஆறும்போதும் இருக்கிற குழாய்கள் போதாமல் போகின்றன. அப்போது புதிய குழாய் எந்தத் திசையில் முளைக்க வேண்டும் என்பதை, மூச்சுத் திணறும் அந்தத் திசுவே ஒரு புரதத்தைச் சுரந்து தெரிவிக்கிறது. 'இரத்தக் குழாய் அகச்செல் வளர்ச்சிக் காரணி' என்பது அதன் முழுப்பெயர், மருத்துவர்கள் வி.இ.ஜி.எஃப். என்றே சொல்கிறார்கள்.

ஆக்சிஜன் குறைந்ததைச் செல் அறிந்துகொள்ளும் விதம் விசித்திரமானது. ஹிஃப் எனப்படும் ஒரு புரதத்தைச் செல் ஓயாமல் தயாரிக்கிறது. தயாரித்த சில நிமிடங்களிலேயே அழித்தும் விடுகிறது. அழிப்பதற்கான அடையாளத்தை அதன்மீது பொறிக்கும் நொதி, அந்த வேலைக்கு ஆக்சிஜனையே மூலப்பொருளாகப் பயன்படுத்துகிறது. ஆக்சிஜன் இல்லையென்றால் அடையாளம் விழாது. ஹிஃப் தப்பிப் பிழைத்து உட்கருவுக்குள் நுழைந்து வி.இ.ஜி.எஃப். மரபணுவை முடுக்கிவிடும். செய்வதும் அழிப்பதும் வீண்செலவாகத் தோன்றலாம். ஆனால் ஆபத்து வந்த பிறகு புதிதாகத் தயாரிக்கத் தொடங்குவதைவிட, அழிப்பதை நிறுத்துவது விரைவில் ஆகிற காரியம். இந்தப் பொறிமுறையைக் கண்டறிந்த வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவருக்கும் 2019இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

சுரந்த புரதம் அருகிலுள்ள குழாயை எட்டியதும், அதன் உட்சுவரில் ஓடு பதித்தாற்போல் அடுக்கியிருக்கும் அகச்செல்களின் ஏற்பிகளில், அதாவது சமிக்ஞையை வாங்கும் புரதங்களில், ஒட்டிக்கொள்கிறது. அவற்றுள் ஒரு செல் முந்திக்கொண்டு, விரல்களைப் போன்ற மெல்லிய இழைகளை நீட்டி, புரதத்தின் செறிவு எந்தப் பக்கம் கூடுகிறது என்று துழாவியபடி நகர்கிறது. அதே வேளையில் பக்கத்துச் செல்களுக்கு, 'நீங்கள் முனையாக வேண்டாம்' என்னும் தடைச் சமிக்ஞையையும் அது அனுப்புகிறது. அவை பின்தங்கிப் பெருகித் தண்டாகின்றன. இப்படி முளைத்த இரண்டு கிளைகள் சந்தித்து இணைந்தால் அதனூடே இரத்தம் ஓடத் தொடங்குகிறது, திசுவுக்கு ஆக்சிஜன் வருகிறது, சுரப்பும் அடங்குகிறது.

எல்லாமே அளவைப் பொறுத்தது. எலிக் கருவில் வி.இ.ஜி.எஃப். மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்றை மட்டும் நீக்கினாலும், 11 அல்லது 12ஆம் நாள் வாக்கில் கரு இறந்துவிடுகிறது என்று 1996இல் தெரியவந்தது. ஒரு பிரதி போனால் மற்றொன்று சமாளித்துக்கொள்ளும் மரபணுக்கள்தான் மிகுதி. இதற்கு அந்தச் சலுகை இல்லை. புரதம் இரண்டு மூன்று மடங்கு கூடினாலும் கரு பிழைப்பதில்லை.

புற்றுநோய் இதே அழைப்பைத் தனக்காகப் பயன்படுத்திக்கொள்கிறது. குழாய்கள் இன்றிக் கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்றும், குழாய் வளர்ச்சியைத் தடுத்தால் கட்டியையும் தடுக்கலாம் என்றும் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் 1971இல் எழுதினார். 1989இல் நெப்போலியோன் ஃபெராராவின் குழு இந்தப் புரதத்தைத் தனித்துப் பிரித்துப் பெயரிட்டது. அதை மறிக்கும் எதிர்ப்பொருளான பெவாசிசுமாப் 2004இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் அனுமதி பெற்றது. கட்டி பட்டினியால் மடிந்துவிடும் என்ற எதிர்பார்ப்பு மட்டும் மிகையானது என்றே சொல்ல வேண்டும். பல நோயாளிகளுக்கு மருந்து சில மாதங்களை நீட்டித்தது, குணப்படுத்தவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அளித்த அனுமதியை அமெரிக்க அரசு 2011இல் திரும்பப் பெற்றது.

எதிர்பார்த்ததைவிடப் பெரிய வெற்றி கண்ணில் கிடைத்தது. விழித்திரையின் நடுப்பகுதியான மாகுலாவுக்கு முதுமையில் வரும் ஒருவகைச் சிதைவில், விழித்திரைக்கு அடியில் ஒழுகும் குழாய்கள் முளைத்து அதை மேடாக்குகின்றன. நோயாளி கட்டம்போட்ட தாளைப் பார்த்தால் நேர்கோடுகள் நடுவில் நெளிந்து தெரியும். வி.இ.ஜி.எஃப்.ஐ மறிக்கும் மருந்தை 0.05 மில்லிலிட்டர் அளவில் கண்ணுக்குள் ஊசியால் செலுத்தும் சிகிச்சை, 2006 முதல் பலருடைய பார்வையைக் காத்துவருகிறது. குறைமாதக் குழந்தைகளின் கண்ணில் குறையும் மிகையும் ஒன்றன்பின் ஒன்றாக வரும்: கூடுதலாகத் தரப்படும் ஆக்சிஜன் முதலில் புரதத்தைக் குறைத்துக் குழாய் வளர்ச்சியை நிறுத்திவிடுகிறது, குழாய் எட்டாத விழித்திரை சில வாரங்களுக்குப் பிறகு ஆக்சிஜனுக்குத் தவித்து அளவு மீறிச் சுரக்கிறது.

முழுமையாக வளர்ந்த உடலுக்கும் இந்தப் புரதம் அன்றாடம் தேவைப்படுகிறது. சிறுநீரக வடிகட்டியின் செல்கள் இதைத் தொடர்ந்து சுரந்து, அங்குள்ள நுண்குழாய்களைப் பேணுகின்றன. குழாய்ச் சுவரைத் தளர்த்தி இரத்த அழுத்தத்தை மட்டுப்படுத்துவதிலும் அதற்குப் பங்குண்டு. கர்ப்பிணிகளின் இரத்த அழுத்தத்தை ஏற்றும் ப்ரீ-எக்லாம்ப்சியா என்னும் நோயில், நஞ்சுக்கொடி அளவுக்கு மீறி வெளியிடும் ஒரு கரையும் ஏற்பி, இரத்தத்தில் மிதந்தபடியே வி.இ.ஜி.எஃப்.ஐப் பிடித்து முடக்கிவிடுகிறது. அந்த ஏற்பியைச் செலுத்தியதும் கருவுற்ற எலிகளுக்கு இரத்த அழுத்தம் ஏறியதையும் சிறுநீரில் புரதம் கசிந்ததையும் அனந்த் கருமாஞ்சியின் குழு 2003இல் காட்டியது. அதனால்தான் பெவாசிசுமாப் பெறும் புற்றுநோயாளிக்கும், கர்ப்பிணிக்குச் செய்கிற அதே இரண்டு சோதனைகளை மருத்துவர் தவறாமல் செய்கிறார்: கையில் இரத்த அழுத்தம், சிறுநீரில் புரதம்.