கடன் தீர்ந்தது என்று எந்தக் காகிதம் சொல்கிறது?

பண்ருட்டிப் பக்கத்திலிருந்து வந்த கட்சிக்காரர் ஒருவர், தமது கைப்பேசியை என் மேசைமீது வைத்து, "பேசின பணத்தைக் கட்டிட்டேன் சார், மறுபடியும் நோட்டீஸ் வந்திருக்கு" என்றார். தனியார் வங்கி ஒன்றில் அவர் வாங்கிய தனிநபர் கடன், வட்டியும் அபராதமும் சேர்ந்து 3,40,000 ரூபாயில் நின்றிருந்தது. மாத இறுதிக்குள் 1,20,000 ரூபாய் கட்டினால் கணக்கை முடித்துவிடலாம் என்று வசூல் முகவர் தொலைபேசியில் சொல்ல, மனைவியின் நகையை அடகு வைத்து இவரும் கட்டியிருக்கிறார். கைப்பேசியில் இருந்தவை, பணம் போனதற்கான குறுஞ்செய்தியும் "ஓகே சார், முடிஞ்சுது" என்ற வாட்ஸ்அப் பதிலும் மட்டுமே. வங்கியோ அந்தத் தொகையைப் பகுதிப் பணமாக வரவு வைத்துக்கொண்டு, மீதி 2,20,000 ரூபாய்க்கு வட்டி போட்டுக்கொண்டிருந்தது. ஆள் தெரியாதிருக்க விவரங்களைச் சற்று மாற்றியிருக்கிறேன். மற்றபடி, கடலூர் நீதிமன்ற வளாகத்தில் தொழில் செய்யும் வழக்கறிஞர்களுக்கு இது பழகிப்போன கதைதான்.

இந்த விஷயத்தில் நம் சட்டம் கடனாளிக்கு எதிரானது அன்று. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 63இல், தமக்கு வர வேண்டியதை ஒருவர் முழுவதுமாகவோ பகுதியாகவோ விட்டுக்கொடுக்கலாம் என்கிறது. 5,000 ரூபாய்க் கடனுக்கு 2,000 ரூபாயை முழுத் தீர்வாக ஏற்றுக்கொண்டால் கடன் முழுவதும் தீர்ந்துவிடும் என்று அந்தப் பிரிவின் கீழேயே எடுத்துக்காட்டும் தரப்பட்டுள்ளது. இங்கிலாந்துச் சட்டத்தில் நிலைமை வேறு: குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடுவதாகச் சொன்னாலும், அதற்குத் தனியாக மறுபயன் (பதிலுக்குக் கடன் கொடுத்தவருக்குக் கிடைக்கும் ஏதாவது ஒரு பயன்) இல்லையென்றால் அந்த வாக்கு கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது என்று அப்போது அந்நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை 1884இல் உறுதி செய்தது. நம் சட்டம் அந்த மறுபயனைக் கேட்பதில்லை. அது கேட்பது ஒன்றே: கடன் கொடுத்தவர் அந்தத் தொகையை முழுத் தீர்வாக ஏற்றாரா? முகவர் ஏற்றது வங்கி ஏற்றதாகிவிடாது. ஆகவே, வங்கியின் அதிகாரம் பெற்ற அலுவலர் கையொப்பமிட்ட தீர்வுக் கடிதம் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள் என்பதே வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது.

அந்தக் கடிதத்தில் கடன் கணக்கு எண், தீர்வுத் தொகை, கட்ட வேண்டிய கடைசித் தேதி, எந்தக் கணக்கில் கட்ட வேண்டும் என்பவை இருக்க வேண்டும். இந்தத் தொகை கிடைத்ததும் கணக்கில் எந்தப் பாக்கியும் நிற்காது என்ற வாசகம் ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க வேண்டும். கடன் வழக்கோ காசோலை திரும்பிய வழக்கோ நிலுவையில் இருந்தால், அதைத் திரும்பப் பெறும் பொறுப்பு வங்கியுடையது என்பதும் எழுதப்பட வேண்டும். முகவரின் சொந்த யுபிஐ எண்ணுக்கு அனுப்பும் பணத்துக்கும் உங்கள் கடன் கணக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

பலர் கவனிக்காமல் கடந்துபோகும் நிபந்தனை, தவணை தவறினால் சலுகை ரத்தாகும் என்பது. மூன்று தவணையில் இரண்டைக் கட்டி மூன்றாவதைத் தவறவிட்டால், கட்டிய பணம் முழுவதும் பழைய பாக்கியில் கழிக்கப்பட்டு, மீதி முழுதும் உயிர் பெற்றுவிடும். கையில் இருக்கும் பணத்தையும், உறவினர் தருவதாகச் சொன்ன பணத்தையும் ஒன்றாகக் கூட்டி ஒப்புக்கொள்கிறவர்கள்தாம் இங்கே இடறுகிறார்கள். கட்டும் காலத்தை நீட்டிக் கேட்டால் மேலாளர் ஏன் தயங்குகிறார் என்பதற்கும் காரணம் உண்டு. 2023 ஜூன் 8ஆம் தேதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தீர்வுத் தொகை கட்டும் காலம் மூன்று மாதத்தைத் தாண்டினால் அது கடன் மறுசீரமைப்பாகக் கருதப்படும். வங்கிக்கு அது வேறு வகைக் கணக்கு.

தீர்வு கடனாளியின் உரிமை என்று நினைத்துக்கொண்டும் சிலர் வருகிறார்கள். குறைத்த தொகையில் கணக்கை முடிக்கும் ஒருமுறைத் தீர்வுத் திட்டத்தின் பயனை எந்தக் கடனாளியும் உரிமையாகக் கோர முடியாது, அதைக் கொடு என்று உயர்நீதிமன்றமும் வங்கிக்கு உத்தரவிட முடியாது என்று 2021 டிசம்பரில் உச்சநீதிமன்றம் பிஜ்னோர் நகரக் கூட்டுறவு வங்கி வழக்கில் தீர்ப்பளித்துவிட்டது. எனவே கேட்கும் விதம் முக்கியம். ஏன் கட்ட முடியவில்லை என்பதைச் சான்றுகளோடு எழுத்தில் கொடுங்கள். 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த ஒரு கடைக்காரருக்கு, சேதமான சரக்கின் புகைப்படங்களையும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றையும் இணைத்து விண்ணப்பம் தயாரித்தேன். வாய்ச்சொல்லுக்கு அசையாத கிளை, அந்தக் காகிதங்களை வட்டார அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தது. கணக்கை 'ரைட் ஆஃப்' செய்துவிட்டார்கள், இனிக் கட்ட வேண்டியதில்லை என்று கேள்விப்பட்டு வருகிறவர்களும் உண்டு. அது வங்கி தன் புத்தகத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் நடைமுறை. வசூலிக்கும் உரிமை அப்படியே இருக்கிறது.

ஜாமீன் கையெழுத்துப் போட்டவரை எல்லோரும் கடைசியில்தான் நினைக்கிறார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் ஒன்றே. கடனாளியை விடுவித்தால் ஜாமீன்தாரரும் விடுபடுவார் என்று சட்டம் சொன்னாலும், அந்தப் பாதுகாப்பை விட்டுக்கொடுப்பதாக ஜாமீன் பத்திரத்தில் முன்கூட்டியே எழுதி வாங்கிவிடுகிறார்கள். நெல்லிக்குப்பத்துப் பெண் ஒருவர், கொழுந்தனாரின் கடனுக்குக் கையெழுத்திட்டவர், கொழுந்தனார் தம் பங்குக்குப் பேசி விலகிக்கொண்ட பிறகு தம் சம்பளக் கணக்கு முடக்கப்பட்டதைக் கண்டு திகைத்து நின்றார். தீர்வுக் கடிதத்தில் ஜாமீன்தாரரும் விடுவிக்கப்படுகிறார் என்ற ஒரே வரி அவருக்கு இந்த அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கும்.

குறைத்துக் கட்டுவதற்கு விலையும் உண்டு. சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கு 'குளோஸ்டு' என்று வராது, 'செட்டில்டு' என்றுதான் வரும். அடுத்த கடன் கொடுப்பவர் அதைப் பார்த்துத் தயங்குவார். சமரசத் தீர்வு செய்துகொண்டவருக்கு அதே நிறுவனம் குறைந்தது 12 மாதங்களுக்குப் புதுக் கடன் தரக்கூடாது என்று மேற்சொன்ன ரிசர்வ் வங்கி வழிகாட்டுதல் கூறுகிறது. விவசாயக் கடனுக்கு மட்டும் அந்த இடைவெளியை அந்தந்த நிறுவனமே முடிவு செய்துகொள்ளலாம். வீட்டுக் கடன் வாங்கும் எண்ணம் விரைவில் உள்ளவர், முடிந்தால் முழுதாகக் கட்டி வட்டியிலும் அபராதத்திலும் மட்டும் சலுகை கேட்பது நல்லது.

தனிநபர் வகைக் கடன்களுக்குச் சொத்துப் பத்திரம் கொடுத்திருந்தால், கணக்கு முடிந்து 30 நாட்களுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. 2023 டிசம்பர் 1 முதல் இதுதான் விதி. பத்திரம் கைக்கு வந்ததோடு வேலை முடிந்துவிடாது. சொத்துப் பத்திரத்தை வங்கியில் ஒப்படைத்து வைக்கும் அடமானம் (ஆவண ஒப்படைப்பு அடமானம்) பதிவாகியிருந்தால், கடன் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாக வேண்டும். இல்லாவிட்டால் பத்தாண்டு கழித்து மகள் திருமணத்துக்கு மனையை விற்கப் போகும்போது வில்லங்கச் சான்றில் அந்த அடமானம் அப்படியே நிற்கும்.

ஊர்க் கடன்காரரிடம் பேசி முடிக்கும்போது காகிதம் இன்னும் எளிது, ஆனால் இன்னும் அவசியம். புரோநோட்டின் பின்புறம் வாங்கிய தொகையையும் 'முழுதும் தீர்ந்தது' என்பதையும் தேதியோடு அவர் கையால் எழுத வைத்து, அசலையே வாங்கிக்கொள்ளுங்கள். பிணையாகக் கொடுத்த வெற்றுக் காசோலைகளையும் எண்ணி வாங்குங்கள். புரோநோட்டுக்கு வழக்குத் தொடரும் காலம் மூன்று ஆண்டு. அது முடியும் முன், கொஞ்சம் கட்டி அதை எழுத்தில் காட்டினாலோ, கடனை ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுக் கடிதம் கொடுத்தாலோ, அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு தொடங்கும். பேரம் படியாத நிலையில் எழுதிக் கொடுக்கும் கடிதம் இப்படியும் திரும்பி வரலாம்.

பண்ருட்டிக்காரருக்கு வந்த நோட்டீஸ் மக்கள் நீதிமன்றத்துக்கானது. வழக்குத் தொடரும் முன் அனுப்பப்படும் இத்தகைய அழைப்பைக் கண்டு கைதாகிவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு; இரு தரப்பும் இசையாமல் அங்கே எதுவும் முடிவாகாது. ஆனால் இசைந்து கையெழுத்திட்டால், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டப்படி அந்த முடிவு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. வங்கி அலுவலர் அன்று முதலில் 1,00,000 கேட்டார். பணம் போனதற்கான குறுஞ்செய்தியையும், மாத இறுதிக்குள் கட்டச் சொன்ன முகவரின் அழைப்புப் பதிவையும் காட்டி வாதாடியபின், 35,000 ரூபாயில், இரண்டு தவணையாக, முடிந்தது. இரண்டாவது தவணை கட்டிய ரசீதோடு அவர் திரும்பி வந்தபோது, பாக்கி இல்லாச் சான்றைக் கேட்டு வங்கிக்கு ஒரு பதிவுத் தபால் எழுதிக் கொடுத்தேன். பதினோராம் நாள் சான்று வந்தது.