எலுமிச்சையில் எச்சம் போல ஒட்டியிருப்பது

"வாசமாகவும் இருக்கணும், பட்டாம்பூச்சியும் வரணும்" என்று நர்சரிக்கு வந்து கேட்பவர்களுக்கு நான் எடுத்துக் கொடுப்பது எலுமிச்சைக் கன்று. பூத்துவிட்டால் மாடிப்படி ஏறும்போதே மணக்கும். பூவுக்குத் தேனீக்கள்தான் அதிகம் வரும். பட்டாம்பூச்சி தேடி வருவது இலையை. பெண் பூச்சி கொழுந்தில் உட்கார்ந்து முன்காலால் தட்டிப் பார்க்கும். அதற்குச் சுவை தெரிவது காலில். சரியான இலைதான் என்று தெரிந்த பிறகே ஒவ்வொன்றாக முட்டை வைக்கும்.

அப்புறம் அதே ஆட்கள் போன் செய்வார்கள். "கொழுந்தில் பறவை எச்சம் மாதிரி ஒட்டியிருக்கு, இலையெல்லாம் போச்சு, என்ன மருந்து அடிக்க?" அதுதாங்க நீங்கள் கேட்ட பட்டாம்பூச்சியின் புழு! பறவையை ஏமாற்றத்தான் சின்னதில் அந்த வேஷம், வளர்ந்ததும் பச்சையாகிவிடும். தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை போல ஒரு கொம்பை நீட்டி நெடி விடும். கடிக்காது, அரிக்காது. இரண்டு வாரம் போலத் தின்றுவிட்டுக் கூடு கட்டிக்கொள்ளும்.

'இயற்கைதானே' என்று வேப்பெண்ணெய் அடிக்காதீர்கள். அதிலுள்ள அசாடிராக்டின் புழுவைத் தோலுரிக்க விடாமல் கொன்றுவிடும்.

எங்கள் தொழிலில் உள்ள குறையையும் சொல்லத்தான் வேண்டும். ஒருமுறை வெளியிலிருந்து வாங்கி வந்த கன்றுகளில் முட்டையிலிருந்து வந்த புழு ஒன்றுகூட மிஞ்சவில்லை. விசாரித்தால், வேரில் இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லியை ஊற்றியிருக்கிறார்கள். அது சாற்றோடு ஏறி இலையிலும் பூந்தேனிலும் கலந்துவிடும், கழுவினால் போகாது. கன்று வாங்கும்போது இதைக் கேட்டே வாங்குங்கள்.

விதைக்கன்று பூக்கப் பல வருடம் ஆகும். பதியன் கன்று என்றால் 2, 3 வருடத்தில் பூக்கும். 18 அங்குலத் தொட்டி, செம்மண், மணல், மட்கிய தொழு உரம், தினம் 6 மணி நேர வெயில் போதும். தண்ணீர் மட்டும் தேங்கக் கூடாது. இரண்டடி வளரும்வரை வலை போட்டு மூடிவையுங்கள். சின்னக் கன்றைப் புழு மொட்டையாக்கிவிடும். வளர்ந்த செடிக்குக் கவலையில்லை, மறுபடி துளிர்க்கும். இடமிருந்தால் இரண்டு வையுங்கள், ஒன்று உங்களுக்கு, ஒன்று அவற்றுக்கு.

கவாத்து செய்யுமுன் குச்சிகளை நன்றாகப் பாருங்கள். இடுப்பில் ஒற்றை நூல் கட்டிச் சாய்ந்திருக்கும் கூடு, இலையோடு இலையாகத்தான் தெரியும்.