பழைய தண்ணீர் வற்றினால்தான் புதுத் தண்ணீர்

மேலப்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "எங்க கடை வெப்சைட்டைப் புது சர்வருக்கு மாத்தி ஒரு நாளாச்சு. வைஃபைல பாத்தா புதுசு வருது. மச்சான் மொபைல் டேட்டாவுல பாத்தா பழசுதான் வருது. கேட்டா, 'பரவுறதுக்கு 48 மணி நேரம் ஆகும்'ங்காங்க. அப்படி என்னதான் சார் பரவுது?"

எதுவும் பரவவில்லை.

தளத்தின் பெயரைக் கொடுத்தால் சர்வரின் ஐபி முகவரியை, அதாவது அதன் எண் முகவரியைத் தரும் ஏற்பாடுதான் டிஎன்எஸ். போன் ஒரு ரிசால்வரைக் கேட்கும். விசாரித்துச் சொல்வதற்கென்றே பெரும்பாலும் நெட் கொடுக்கும் நிறுவனம் வைத்திருக்கும் கணினி அது. அந்த ரிசால்வர் ரூட் சர்வர், டாட் காம் சர்வர், கடைசியில் உங்கள் டொமைனின், அதாவது தளப் பெயரின் விடையை வைத்திருக்கும் நேம்சர்வர் என்று ஒவ்வொரு இடமாக விசாரித்து விடையோடு திரும்பும். இதெல்லாம் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். வைஃபைக்கு ஒரு நிறுவனம், மொபைலுக்கு வேறு நிறுவனம் என்றால் ரிசால்வரும் வேறு. மச்சானுக்குப் பழசு வர அதுதான் காரணம்.

பரவுகிறது என்றதும் நம் ஊர்க்காரர்களுக்குப் பாபநாசத்தில் திறந்துவிட்ட தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்வதுதான் நினைவுக்கு வரும். அது இங்கே பொருந்தாது. டிஎன்எஸ்ஸில் மேலேயிருந்து யாரும் எதையும் திறந்து விடுவதில்லை. குளத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சுத்தமல்லி அணைக்கட்டிலிருந்து நெல்லைக் கால்வாயில் வரும் தண்ணீர் நயினார்குளத்தில் நிற்கிறது. வயலுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் குளத்து மடையைத் திறந்தால் போதும், யாரும் சுத்தமல்லிக்கு ஓட வேண்டியதில்லை. ரிசால்வரும் அப்படியொரு குளம். ஒருமுறை வாங்கிய விடையைத் தேக்கி வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் அதிலிருந்தே கொடுக்கும். நிஜக் குளத்தில் பழைய தண்ணீரும் புதுத் தண்ணீரும் கலக்கும். இந்தக் குளமோ முழுக்க வற்றும் வரை கால்வாய்ப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது.

எப்போது வற்ற வேண்டும் என்பதை டொமைன் வைத்திருக்கும் நீங்களே விடையோடு சேர்த்து எழுதி அனுப்புகிறீர்கள். டிடிஎல் என்ற அந்த எண் விநாடிக் கணக்கு. 300 என்றால் ஐந்து நிமிஷம், 86400 என்றால் ஒரு நாள்.

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். லினக்ஸிலோ மேக்கிலோ டெர்மினலைத் திறந்து 'டிக்' (dig) என்று அடித்து, பக்கத்தில் தளத்தின் பெயரைக் கொடுங்கள். விடை வரும் வரியில் பெயருக்கு அடுத்தாற்போல் ஓர் எண் நிற்கும். 241 என்று வைத்துக்கொள்வோம். பத்து விநாடி பொறுத்து மறுபடி அடித்தால் 231. குளத்தில் மீதி இவ்வளவுதான் என்று ரிசால்வரே அளந்து சொல்கிறது. எண் தீர்ந்தபின் முதலில் கேட்பவருக்காகத்தான் அது கால்வாய்க்குப் போகும். புது ஐபி வந்து விழும், எண் மறுபடி 300க்கு ஏறி நிற்கும். எத்தனையோ தடவை பார்த்தாகிவிட்டது, எனக்கு இன்னும் அலுக்கவில்லை. சில பெரிய ரிசால்வர்களில் எண் 231லிருந்து திடீரென்று 288க்குத் தாவும். பயப்பட வேண்டாம். ஒரே முகவரிக்குப் பின்னால் பல இயந்திரங்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குளம்.

நிஜமாகவே பரவிய காலம் ஒன்று இருந்தது. இணையத்துக்கு முன்னோடியான அமெரிக்க வலையமைப்பு அர்ப்பாநெட்டில் எல்லாக் கணினிகளின் பெயர்களும் ஒரே கோப்பில் இருந்தன. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் அவ்வப்போது இறக்கிக்கொள்வார்கள். கணினிகள் பெருகப் பெருக அது கட்டுப்படியாகவில்லை. 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அரசு ஆராய்ச்சிப் பணத்தில் வளர்ந்த வலையமைப்பு, யார் வேண்டுமானாலும் படித்துச் செய்து பார்க்கலாம் என்று வெளியிட்ட ஆவணங்கள். "இதனால் உடனே என்ன லாபம்?" என்று கேட்டே ஆராய்ச்சிக் காசை நிறுத்துகிறவர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது.

48 மணி நேரக் கணக்குக்கு வருவோம். உங்கள் டொமைனுக்கு எது நேம்சர்வர் என்ற தகவலுக்கு டாட் காம் சர்வர்கள் தரும் டிடிஎல் 172800 விநாடி, அதாவது சரியாக இரண்டு நாள். நீங்கள் நேம்சர்வரையே மாற்றியிருந்தால் அந்தக் கணக்கில் நியாயம் உண்டு. ஐபியை மட்டும் மாற்றியிருந்தால் உங்கள் டிடிஎல்தான் கணக்கு. மாற்றுவதற்கு முதல் நாளே அதை 300 ஆக்கியிருக்க வேண்டும். மாற்றியபின் குறைத்துப் பலனில்லை, பழைய எண்ணோடு போன விடை ஏற்கெனவே குளத்தில் கிடக்கிறது. இப்போதைக்குப் பழைய சர்வரை அணைத்துவிடாதீர்கள். மச்சானைப் போன்றவர்கள் போடும் ஆர்டர் அங்கேதான் விழுந்துகொண்டிருக்கும்.

இன்னொரு வேடிக்கை, 'இல்லை' என்ற விடையையும் ரிசால்வர் தேக்கி வைக்கும். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் போடும் அண்ணாச்சி ஒருவருக்கு, இருக்கிற டொமைனிலேயே விற்பனைக்கென்று தனிப் பெயரில் தளம் செய்து கொடுத்தேன். வெள்ளிக்கிழமை 9.45க்குத் திறக்க வேண்டும், 10.30க்கு ராகுகாலம் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். 9.45க்குப் பெயரைச் சேர்த்தேன். எனக்குத் திறந்தது. அவரிடமிருந்து போன்.

"தம்பி, தொறக்க மாட்டேங்கு. இப்படி ஒண்ணு இல்லவே இல்லைன்னுல்லா வருது?"

"அண்ணாச்சி, முன்னாடியே அடிச்சுப் பாத்தீங்களா?"

"ஒரு 9.40க்குச் சும்மா பாத்தேன்."

'இல்லை'க்கு நான் வைத்திருந்த ஆயுள் 3600 விநாடி. அவர் ரிசால்வர் சொன்ன சொல் மாறாமல் சரியாக 10.40க்குத் தளத்தைக் காட்டியது. "ராகுகாலத்துலல்லா தொறந்திருக்கு!" என்று தலையில் கை வைத்தார். டிடிஎல்லுக்குப் பஞ்சாங்கம் தெரியாது என்றேன், அவருக்குச் சிரிப்பு வரவில்லை. 11 மணிக்கு மதுரையிலிருந்து முதல் ஆர்டர் வந்தது, உளுந்தப்பளம் இரண்டு கிலோ. 12 மணி தாண்டித்தான் பார்சல் கட்டினார்.